திருப்பிக் குத்திய நீல நாடா

வாக்குமூலம் அளிப்பவர் எழுபத்தொரு வயதுப் பெண். கணவரை இழந்தவர். ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை. ஓய்வுக்குப் பின் அதே பள்ளியில் ஊதியமின்றிக் கணினி வகுப்பு நடத்தி வந்தவர். பெயர், தெரு, வீட்டு எண் ஆகியவை தனித்தாளில் எழுதி உறையிலிடப்பட்டுள்ளன. வழக்கு ஒரு சிறுமி சம்பந்தப்பட்டது என்பதால் அவளை அடையாளம் காட்டக்கூடிய எவர் பெயரும் இதில் வராது என்று விசாரணை அதிகாரி அம்மையார் அவருக்கு விளக்கினார். அவர் சொல்லச் சொல்ல எழுத்தரால் தட்டச்சு செய்யப்பட்டது.

நான் மேற்படி விலாசத்தில் என் கணவரின் தங்கையுடன் வசித்து வருகிறேன். இன்று இங்கே நானாக வந்தேன். எவரும் என்னை அழைக்கவோ வற்புறுத்தவோ இல்லை. இதே வழக்கில் இதே அறையில் நான் முன்பு ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அதில் "மேற்படி சிறுமி இது பற்றி என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை" என்று சொல்லிக் கையொப்பமிட்டேன். அதைத் திருத்துவதற்காகவே இதைச் சொல்கிறேன்.

நான் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்து வளர்ந்தவள். அந்தப் பள்ளியில் நன்னடத்தை உள்ள மாணவிகளுக்கு நீல நாடா ஒன்றை மார்பில் குத்திவிடுவார்கள். தவறு செய்தவள் காலைக் கூட்டத்தில் முன்னே வந்து, தன் கையாலேயே நாடாவைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். நான் ஒருநாளும் கொடுத்ததில்லை. கொடுத்தவர்கள் அதன் பிறகு என்ன ஆனார்கள் என்று நான் திரும்பிப் பார்த்ததும் இல்லை.

என் கணவர் ஒரு வங்கியில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். வீட்டுக்கு முதன்முதலில் கணினி வந்தபோது அவர்தான் எனக்குக் கற்றுக் கொடுத்தார். அது சொன்னபடி கேட்காதபோது நான் குரலை உயர்த்துவேன். "அது உன் ஸ்டூடண்ட் இல்லம்மா, அதட்டினா வேகமா ஓடாது" என்பார். அவர் காலமான பிறகும் நான் அதை விடவில்லை. பள்ளிக்குக் கணினிகள் வந்தபோது என்னைவிட இளைய ஆசிரியைகள் தொடவே பயந்தார்கள். பத்து விரலாலும் தட்டச்சு செய்யத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஓய்வு பெற்ற பிறகும் அந்த வகுப்பை என்னையே நடத்தச் சொன்னார்கள். பள்ளியில் என்னைப் பெரிய டீச்சர் என்று அழைப்பார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

கணினி அறை என்பது முன்பு உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்திருந்த அறை. ஒரே ஜன்னல். ஒரு கணினிக்கு இரண்டு பிள்ளைகள். ஒருவர் உட்கார்ந்தால் மற்றவர் நிற்க வேண்டும், பாதி வகுப்பில் நான் மணி அடித்து மாற்றுவேன். செருப்பை வாசலில் ஜோடி சேர்த்து விட்டுவிட்டு வர வேண்டும். கையைத் துணியில் துடைத்த பிறகே விசைப்பலகையைத் தொடலாம். எல்லாரும் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள். அவர்களுக்குக் கணினியோடு சேர்த்து இணையத்தில் பத்திரமாக இருக்கும் முறையையும் சொல்லிக் கொடுத்தேன். முன்பின் தெரியாதவர்களிடம் பெயரைச் சொல்லாதே. படம் அனுப்பாதே. யாராவது தொந்தரவு செய்தால் டீச்சரிடம் சொல். அசிங்கமான செய்தி வந்தால் உடனே அழித்துவிடு. கடைசி விதியை நானாகச் சேர்த்தேன். குப்பையைக் கண்ட இடத்தில் கூட்டித் தள்ளுவது என் பழக்கம். அந்தச் செய்திதான் பின்னால் சாட்சியாகும் என்பதை நான் யோசிக்கவில்லை.

கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லக் கூடாது என்று பாடம் நடத்திய அன்று ஒரு பையன் எழுந்து, "நான் சாகுற வரைக்கும் யாருக்கும் சொல்ல மாட்டேன் டீச்சர், எங்க நாய் பேரைத்தான் வெச்சிருக்கேன்" என்றான். பக்கத்தில் நின்றவன், "இவங்க நாய் பேரு தெருவுக்கே தெரியும் டீச்சர், தினமும் கத்திக் கத்திக் கூப்பிடுறான்" என்றான். வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை, வகுப்பில் சிரிக்கும் வழக்கம் எனக்கு இல்லை.

விதிகளை ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் பிள்ளைகளுக்கு நீல நாடா கொடுக்கும் வழக்கத்தை நான் கொண்டு வந்தேன். எந்த விதியையாவது மீறிய பிள்ளை தன் கையால் நாடாவைக் கழற்றி என் மேசையில் வைக்க வேண்டும் என்பதும் நான் வகுத்ததுதான். வாயால் எதுவும் சொல்லத் தேவையில்லை. நாடாவை வைத்தாலே போதும், மற்றதை நான் விசாரிப்பேன் என்று பிள்ளைகளிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமைகளில் வகுப்பு தொடங்கும் முன் அதற்கென்று சற்று நேரம் ஒதுக்கினேன். வருடத் தொடக்கத்தில் ஒரு பையன் ஒரு விளையாட்டில் தன் பெயரையும் தெருவையும் சொல்லிவிட்டதாக நாடாவைக் கொண்டுவந்து வைத்தான். அவனை வகுப்பின் முன்னால் நிற்க வைத்து, செய்தது என்ன என்று அவன் வாயாலேயே சொல்ல வைத்தேன். "ரிப்பன் போச்சே, ரிப்பன் போச்சே" என்று பிள்ளைகள் அவனைப் பல நாள் கேலி செய்தார்கள். நான் தடுக்கவில்லை. அதன் பிறகு ஒரு பிள்ளையும் நாடாவைக் கொண்டுவந்து வைக்கவில்லை. பாடம் மனத்தில் பதிந்துவிட்டது என்று நான் தலைமையாசிரியைக்கு எழுதிக் கொடுத்தேன்.

மேற்படி சிறுமி அந்த வகுப்பில் படித்தவள். அவளுடைய அம்மா வீட்டில் தையல் வேலை செய்பவர். அப்பா லாரி ஓட்டுபவர். மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பார். வகுப்புக்கு வேண்டிய எல்லா நாடாக்களையும் தைத்துக் கொடுத்தவர் அந்த அம்மாதான். கூலி கொடுத்தபோது, "என் பொண்ணு வகுப்புக்குப் போய் நான் காசு வாங்குவேனா டீச்சர்?" என்று மறுத்துவிட்டார். சிறுமியை எல்லாரும் ஏனம்மா என்று கூப்பிடுவார்கள். எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்பாள். ஏன் டீச்சர் மவுஸை நகர்த்தினா அம்பு நகருது, ஏன் டீச்சர் கம்ப்யூட்டருக்குத் தூக்கம் வருது, ஏன் டீச்சர் நீங்க மட்டும் ரிப்பன் குத்திக்கல. கடைசிக் கேள்விக்கு மட்டும் உட்கார் என்றேன்.

அந்தப் பருவத்தின் நடுவில், என் வகுப்பைப் பார்வையிடக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு குழு வருவதாகக் கடிதம் வந்தது. அவர்களுக்குப் பிடித்திருந்தால் என் பாடத்திட்டத்தை எல்லாத் தொடக்கப் பள்ளிகளுக்கும் அச்சிட்டு அனுப்புவார்கள், முதல் பக்கத்தில் என் பெயர் இருக்கும் என்று தலைமையாசிரியை சொன்னார். வீட்டுக்குப் போனதும் அதை நாத்தனாரிடம் சொன்னேன். சாப்பிடும்போது மறுபடியும் சொன்னேன். அவள், "கேட்டுடுச்சு அண்ணி, காது நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

குழு வருவதற்கு முதல் நாள் மாலை, வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பிறகு, நான் அறையில் தனியாக இருந்து திரைகளை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போது மேற்படி சிறுமி வாசலைத் தாண்டி உள்ளே வந்தாள். காலில் செருப்பு இருந்தது. "செருப்பு!" என்று அதட்டினேன். அவள் அப்படியே வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. வெளியே போய்ச் செருப்பைக் கழற்றி, ஜோடி சேர்த்து வைத்துவிட்டு மறுபடி உள்ளே வந்தாள். வந்து, சட்டையிலிருந்து நாடாவைக் கழற்றினாள். ஊக்கு திறக்கச் சற்று நேரம் பிடித்தது. நான் உதவவில்லை. அதன் பிறகு அவள் நாடாவை என் மேசையில் வைத்தாள். சுருங்கியிருந்ததைக் கையால் நீவி நேராக்கி வைத்தாள்.

"என்ன இது?" என்று கேட்டேன்.

"ரிப்பன் டீச்சர்."

"ரிப்பன்னு எனக்கும் தெரியுது. ஏன் கழட்டினே?"

உலகத்தையே ஏன் என்று கேட்கும் பிள்ளை, ஏன் என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டு நின்றது.

"நாளைக்கு யார் வர்றாங்கன்னு தெரியும் இல்ல? வகுப்பே ரிப்பனோட நிக்கும், நீ மட்டும் முன் வரிசைல வெறும் சட்டையோட நிப்பியா? என் மானத்தை வாங்கணும்னே கிளம்பி வந்தியா?"

"இல்ல டீச்சர். நான் ஒரு..."

நான் உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். "எதுவா இருந்தாலும் திங்கக்கிழமை பார்த்துக்கலாம். அதுவரைக்கும் மூச்சு விடக் கூடாது. புரியுதா?"

"புரியுது டீச்சர்."

அதன் பிறகு நான் அந்த நாடாவை எடுத்து, இருந்த இடத்திலேயே அவள் சட்டையில் திருப்பிக் குத்திவிட்டேன். சாய்ந்திருந்ததால் ஒருமுறை கழற்றி, நேராக இருக்கும்படி மறுபடியும் குத்தினேன். அவள் அசையாமல் நின்றாள். "போ, அம்மா தேடுவாங்க" என்றேன். போய்விட்டாள்.

மறுநாள் குழுவினர் வந்தார்கள். பிள்ளைகள் எல்லாரும் நாடா அணிந்திருந்தார்கள்; வருடத் தொடக்கத்தில் அதை இழந்த பையனுக்கும் நான் திருப்பிக் கொடுத்திருந்தேன். குழுவில் மூத்தவர், "இன்டர்நெட்ல யாராவது தொந்தரவு பண்ணினா என்ன பண்ணணும், யார் சொல்லுவீங்க?" என்று கேட்டார். பல பிள்ளைகள் கையைத் தூக்கினார்கள். மேற்படி சிறுமி தூக்கவில்லை. ஆனால் அவள்தான் கணீரென்று, திக்காமல் பேசுவாள் என்பதால் நான் அவளைச் சுட்டிக் காட்டினேன். அவள் எழுந்து என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, "டீச்சர்கிட்ட சொல்லணும்" என்றாள். குழுவினர் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அந்த வாரச் சனிக்கிழமை நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. பிறகு அதிகாரி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சிறுமி அம்மாவின் கைப்பேசியில், வீடு கட்டி அலங்கரிக்கும் ஒரு விளையாட்டு விளையாடுவாள். அதில் தன்னைப் பத்து வயதுப் பெண் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் அவளோடு பேசிப் பழகியிருக்கிறார். அவள் தனக்குக் கிடைத்த நாடாவைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல, அதைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்று படம் கேட்டிருக்கிறார். அவள் சீருடையில், நாடா தெரியும்படி ஒரு படம் அனுப்பியிருக்கிறாள். சீருடையில் பள்ளியின் சின்னம் இருந்தது. அதன் பிறகு அவர் பேச்சு மாறியிருக்கிறது. சொன்ன இடத்துக்கு வராவிட்டால், படம் அனுப்பியதை உன் டீச்சரிடம் சொல்லிவிடுவேன், நாடாவைப் பிடுங்கிவிடுவார்கள் என்று மிரட்டியிருக்கிறார். அம்மாவிடம் சொல்வேன் என்றோ, அப்பாவிடம் சொல்வேன் என்றோ மிரட்டவில்லை. அந்தப் பிள்ளையைப் பயமுறுத்த எந்தப் பெயரைச் சொன்னால் போதும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அவர் சொல்வதற்கு முன் தானே சொல்லிவிடலாம் என்றுதான் அவள் அன்று மாலை நாடாவுடன் என்னிடம் வந்திருக்கிறாள். நான் அதைத் திருப்பிக் குத்தி அனுப்பிய பிறகு, அவர் சொன்ன இடத்துக்குப் போயிருக்கிறாள்.

அது பேருந்து நிலையம். அங்கே பயணச் சீட்டுக் கொடுக்கும் பெண், பெரியவர் ஒருவர் சிறுமியோடு நின்று வெளியூருக்கு இரண்டு சீட்டு கேட்டதையும், சிறுமி அவர் கையைப் பிடிக்காமல் தள்ளியே நின்றதையும் பார்த்திருக்கிறார். யார் இது என்று கேட்டதற்கு அவர் அண்ணன் மகள் என்றிருக்கிறார். "அப்படியா சார், பாப்பா பேரைச் சொல்லுங்க, சீட்டு கிழிக்கிறேன்" என்று கேட்டிருக்கிறார் அந்தப் பெண். அவர், "செல்லம்னுதான் கூப்பிடுவோம்" என்றிருக்கிறார். "சீட்டுல செல்லம்னு எழுத முடியாது சார், நல்ல பேரு என்ன?" என்று விடாமல் கேட்கவும், அவர் நழுவப் பார்த்திருக்கிறார். அங்கே நின்ற பேருந்து ஓட்டுநர்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். சிறுமி கடைசி வரை அவரிடம் தன் பெயரைச் சொல்லாமலே இருந்ததால்தான் அவர் மாட்டிக்கொண்டார் என்று அதிகாரி சொன்னார். பெயர் சொல்லாதே என்பது என் முதல் பாடம். அதை என் கணக்கில் வரவு வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நினைவில் வைத்து நடந்தவள் அவள்.

அந்த நபர், வழி தெரியாமல் நின்ற பிள்ளைக்கு உதவியதாகவும், பயந்துபோய் உறவு என்று சொல்லிவிட்டதாகவும் கூறி வருகிறார். அவரிடம் கைப்பேசி ஏதும் இருக்கவில்லை. அம்மாவின் கைப்பேசியில் இருந்த செய்திகளைச் சிறுமி ஒன்று விடாமல் அழித்திருந்தாள். அவை அசிங்கமான செய்திகள் என்பதால், பாடத்தில் சொன்னபடி அழித்ததாக அதிகாரியிடம் சொல்லியிருக்கிறாள். விளையாட்டை நடத்தும் நிறுவனத்திடம் கேட்டிருப்பதாகவும், பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம், வராமலும் போகலாம் என்றும் எனக்குச் சொல்லப்பட்டது. ஆகவே வழக்கு அந்தப் பிள்ளையின் வாய்ச்சொல்லை நம்பித்தான் நின்றது.

அதன் பிறகு அதிகாரி என்னை விசாரித்தார். "நான் டீச்சர்கிட்ட சொன்னேன், டீச்சர் திங்கக்கிழமைன்னாங்க" என்று சிறுமி கூறியிருப்பதாகச் சொல்லி, அவள் உங்களிடம் சொன்னாளா என்று கேட்டார். என் பக்கத்தில் தலைமையாசிரியை உட்கார்ந்திருந்தார். குழுவினர் பாராட்டி எழுதிய கடிதம் அவர் மடியில் இருந்தது. நான் யோசித்தேன். அவசரத்தில் வாய் தவறிச் சொன்னேன் என்று யாரும் எழுத வேண்டாம். யோசித்துத்தான் சொன்னேன். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்றேன். சொல்லளவில் அது உண்மை. அவள் எதையும் சொல்லி முடிக்க நான் விடவில்லை அல்லவா. பொய் சொல்லாமலே பொய் சொல்லும் அளவுக்கு நான் படித்திருக்கிறேன் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அதன் பிறகு நடந்தவை. சிறுமி ஒன்றில் பொய் சொன்னவள் என்றால் மற்றதிலும் பொய்தான் சொல்லியிருப்பாள் என்று அந்த நபரின் வக்கீல் மனு கொடுத்தார். அதில் என் வாக்கியம் அப்படியே எடுத்துக் காட்டப்பட்டிருந்தது. அந்த நபர் பிணையில் வெளியே வந்தார். பிள்ளைக்கு வேறு பள்ளி பார்த்துக்கொண்டால் நல்லது என்று தலைமையாசிரியை அவளுடைய அம்மாவிடம் சொன்னார். இது நடந்தபோது நான் அடுத்த அறையில் இருந்தேன். காதில் விழுந்தது.

சில நாட்களுக்குப் பிறகு, இன்று காலை, அந்த அம்மா என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. உடையில் ஒட்டியிருந்த நூல் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டே பேசினார்.

"டீச்சர், உங்களை ஒண்ணு கேக்கலாமா? கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்க."

"இவ உங்ககிட்ட சொன்னேன்னே சாதிக்கிறா டீச்சர். பெரிய டீச்சர் பொய் சொல்லுவாங்களாடின்னு கேட்டா, பேசாம நிக்கிறா. நேத்து கையை நீட்டிட்டேன். போனதுக்காக அடிக்கல டீச்சர், அது குழந்தை, தெரியாம போயிடுச்சு. உங்க மேலயே பழி போடுறாளேன்னுதான் அடிச்சேன். உங்ககிட்ட மன்னிப்பு கேக்கச் சொல்லிக் கூட்டிட்டு வரட்டுமா?"

நான் வேண்டாம் என்றேன்.

"பெரிய மனசு உங்களுக்கு. இப்பல்லாம் ரொம்ப மாறிட்டா டீச்சர். எதையும் ஏன்னு கேக்கறதே இல்ல. சொன்னா சொன்னதைச் செய்யுறா. நல்ல பொண்ணாயிட்டா."

அதைக் குறையாகச் சொன்னாரா, நிறைவாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

நாத்தனார் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அவள் என்னை எதிர்த்துப் பேசுபவள் அல்ல. கிண்டல் செய்வாள், அவ்வளவுதான். இன்று கிண்டல் செய்யவில்லை.

"அண்ணி, அந்தப் பொண்ணு உங்ககிட்ட வந்துச்சா?" என்று கேட்டாள்.

"ஒரு வார்த்தையும் சொல்லல" என்றேன்.

"சொல்லுச்சான்னு கேக்கல. வந்துச்சான்னு கேட்டேன்."

அவள் மடித்த துணியைக் கீழே வைத்தாள். "அண்ணன் போனப்ப கூட நான் உங்களைப் பார்த்துப் பயந்ததில்ல அண்ணி. இப்பப் பயமா இருக்கு" என்றாள். பிறகு துணியை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள்.

அதன் பிறகு நான் புடவை மாற்றிக்கொண்டு நேராக இங்கே வந்தேன். வரும் வழியில் எதைச் சொல்வது, எதை விடுவது என்று மனத்துக்குள் ஒத்திகை பார்த்தேன். வயதாகிவிட்டது, அன்று வேலை நெருக்கடி, சரியாகக் கவனிக்கவில்லை என்று சொல்லலாம் என்று நினைத்தேன். எல்லாரும் நம்புவார்கள். இரக்கமும் படுவார்கள்.

ஆகவே நான் இப்போது சொல்வது இது. மேற்படி சிறுமி, தான் விதியை மீறிவிட்டாள் என்பதை, குழு வருவதற்கு முதல் நாள் மாலை, கணினி அறையில், என்னிடம் சொன்னாள். எப்படிச் சொல்ல வேண்டும் என்று நான் கற்றுக் கொடுத்தேனோ அப்படியே சொன்னாள். நாடாவைக் கழற்றி மேசையில் வைக்கும் பிள்ளை என்ன சொல்ல வந்திருக்கிறது என்பது அந்தப் பள்ளியில் எவரையும்விட எனக்குத் தெரியும். அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவள் நான். திங்கட்கிழமை பார்க்கலாம் என்று நான் சொன்னதாக அவள் கூறியது உண்மை. மூச்சு விடாதே என்றும் சொன்னேன். அதை அவள் உங்களிடம் கூறவில்லை என்று அறிகிறேன். எனக்காக மறைத்தாளா என்று தெரியவில்லை. அவள் கூறியதில் பொய் ஏதும் இல்லை.

இந்த வாக்குமூலத்தின் பிரதி ஒன்றைத் தலைமையாசிரியைக்கும், கல்வி அலுவலகத்துக்கும் அனுப்ப எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்த அம்மாவுக்குப் பிரதி மட்டும் கொடுத்தால் போதாது என்று அதிகாரியிடம் கேட்டுக்கொண்டேன். பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்து, இருவர் காதிலும் விழும்படி படித்துக் காட்ட வேண்டும். அதற்கு நான் வர வேண்டும் என்றால் வருகிறேன். அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்க்க விரும்பாவிட்டால் வெளியே நிற்கிறேன்.

அதன் பிறகு எழுத்தர் மேற்கண்டவற்றை எனக்குப் படித்துக் காட்டினார். அவர் இரண்டே விரலால் தட்டச்சு செய்பவர்; ஆனாலும் நான் சொன்னதைச் சரியாகவே எழுதியிருந்தார். ஓரிடத்தில் மட்டும், நாடாவை மேசையில் வைத்தது பற்றிச் சொன்ன இடத்தில், "சிறுமி சொல்ல வந்ததை நான் கவனிக்கத் தவறிவிட்டேன்" என்று இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லையே என்றேன். "உங்க நல்லதுக்குத்தாம்மா அப்படிப் போட்டேன், வயசானவங்க நீங்க" என்றார். அதிகாரி என்னைப் பார்த்தார். அந்த வரியை நீக்கச் சொன்னேன். அதற்குப் பதிலாக என்ன போடுவது என்று எழுத்தர் கேட்டார்.

கவனித்தேன் என்று போடுங்கள் என்றேன்.

இதில் உள்ளவை அனைத்தும் நான் கண்டதும் செய்ததும் ஆகும். பிறர் சொல்லி அறிந்தவற்றை அவ்வாறே குறிப்பிட்டிருக்கிறேன். படித்துக் காட்டக் கேட்டு, பிழை திருத்தி, உண்மை என ஒப்புக்கொள்கிறேன். இதற்கு மாறாக நான் முன்பு கையொப்பமிட்ட வாக்கியம் எந்த மன்றத்திலும் அந்தப் பிள்ளைக்கு எதிராகப் படிக்கப்படக் கூடாது.

ஒப்பம்: வாக்குமூலம் அளித்தவர்
முன்னிலை: விசாரணை அதிகாரி